ஊரில் இல்லாத தலைப்பிரசவங்கள்

எங்கள் பல்கலைக்கழகத் துறையில் அறைக்கு ஒரு வியாதி இருந்தது. படியேறியதும் முதல் அறை காசநோய், அதற்கு எதிரே புற்றுநோய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சத்துக்குறைவு, கோடியில் ஆலைத் தூசி. எபிடெமியாலஜி என்றால் என்னவென்று என் அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "வியாதி யாருக்கு வருது, எங்க வருது, பக்கத்து வூட்டுக்கு மட்டும் ஏன் வரலைன்னு எண்ணிப் பாக்கிற படிப்பும்மா" என்றேன். "வைத்தியம் பாப்பியா?" என்றாள். பார்க்க மாட்டேன் என்றேன். "அப்புறம் எண்ணி என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முனைவர் பட்ட விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவு என்று ஒரு கட்டம் உண்டு. நான் பெரம்பலூர்க்காரி. அரியலூர்ப் பக்கம் போனால் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுமாக இருக்கும். அதனால் ஆலைத் தூசி என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். உண்மையைச் சொன்னால், ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை. அந்த அறையில்தான் நுரையீரலை அளக்கும் பளபளப்பான கருவிகள் இருந்தன. கம்ப்யூட்டரும் அங்கேதான் இருந்தது. பேராசிரியர் என் எழுத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டுத் தாய்சேய் நலம் என்று எழுதினார். அவரும் ஒரு பெண்தான் என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். "நீங்க அந்த ஊர்ப் பொண்ணு. வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க. வேற யாரை அனுப்பினாலும் வாசலோடதான்" என்றார். பிள்ளை பெறுவதை எண்ணவா நான் புள்ளியியல் படித்தேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, வெளியே தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் அப்போதே கெட்டிக்காரி.

அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டிருந்த சமயம் அது. அச்சாகி வந்த படிவங்களில் மாவட்டப் பெயரை அடித்துவிட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதே என் முதல் வேலையாக இருந்தது. சுரங்கத்துக்கு அருகில் இருந்த ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டோம். கர்ப்பமான பெண்கள் எல்லோரையும் பதிவு செய்து, பிரசவம் வரை தொடர்ந்து, தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. அதற்குக் கைம்மாறு போல, மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழக ஜீப்பில் ஒரு டாக்டரம்மா வருவார். பஞ்சாயத்துக் கட்டடத்தில் உட்கார்ந்து எடை பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை அந்த ஜீப்புதான் ஆய்வு. நான் ஜீப்போடு வந்த இலவச இணைப்பு.

என்னோடு கணக்கெடுக்க அந்த ஊரிலேயே ஓர் அக்கா கிடைத்தார். பத்தாவது வரை படித்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். குண்டு குண்டாக, அழகாக எழுதுவார். எங்கள் படிவத்தில், தேடிப்போகும்போது ஆள் ஊரில் இல்லையென்றால் 'வெ' என்று போட வேண்டும். வெளியூர் என்பதன் சுருக்கம். செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போனவர்களை மனதில் வைத்து யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் குறியை வைத்திருந்தார். 'வெ' விழுந்துவிட்டால் அந்தப் பெண் கணக்கிலிருந்து கழன்றுகொள்வாள். திரும்பி வந்து, கையில் குழந்தை இருந்தால் புதுப் படிவம் எழுதிச் சேர்த்துக்கொள்வோம்.

ஒன்றரை வருடம் ஓடியது. நான் போட்ட முதல் அட்டவணை தேன் போல வந்தது. இந்த ஊரில் பிறக்கும் பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். அதிலும் முதல் பிள்ளைகள், வழக்கமாக எங்கும் தடுமாறுகிறவர்கள், இங்கே பிரமாதமாக இருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறெந்த ஊரும் பக்கத்தில் வர முடியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஆய்வுக் குழுவின் முன்னால் அட்டவணையை விரித்தேன். குழுவில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்த கையோடு ஒரு முடிவும் எடுத்தார்கள். இருப்பது ஒரே ஜீப். இந்த ஊர்தான் நன்றாக இருக்கிறதே, தை மாதத்திலிருந்து ஜீப்பை வேறொரு பக்கம் அனுப்பலாம். என் அட்டவணையை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. நானும் தலையாட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இந்தச் சேதியைச் சொன்னபோது, வரிசையில் நின்ற பெண்களில் பலரும் "அப்படிங்களா" என்றதோடு சரி. ஒருத்தி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஆறாவது மாதம். கூடவே எப்போதும் மாமியார் வருவார். அன்று மாமியார் மாத்திரை வாங்கப் போயிருந்தார்.

"அக்கா, அப்ப எனக்குத் தையிலயும் மாசியிலயும் பிரஷர் யாரு பாப்பா?"

எனக்கு வேடிக்கையாக இருந்தது. எல்லோரும் ஜீப்பில் எடை பார்ப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள். பிரஷரை இப்படிக் குறிப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "உனக்குத்தான் பிரஷர் சரியா இருக்கே" என்றேன்.

"இப்ப இருக்கு. கடைசி மாசத்துலதான் ஏறும்."

"உனக்கு எப்படித் தெரியும்? இதுதானே உனக்கு மொதல் தடவை?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மாமியார் வந்துவிட்டார். "என்னம்மா கேக்குற அவள?" என்றார் என்னிடம். எத்தனையாவது பிரசவம் என்று சும்மா சரிபார்த்தேன் என்றேன். "இதாம்மா மொதப் பிரசவம். எழுதியிருக்கீங்கல்ல? அப்புறம் என்ன" என்று சொல்லி மருமகளை அழைத்துக்கொண்டு போனார். படிவத்தில் அப்படித்தான் இருந்தது. டாக்டரம்மாவின் சீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

சாயங்காலம் பழைய கட்டுகளைப் பிரித்தேன். ஒன்றே கால் வருடத்துக்கு முந்திய படிவம் ஒன்றில் அவள் இருந்தாள். அதே பெயர், அதே கதவு எண், ஏழாவது மாதம். மூலையில் 'வெ'. அக்காவின் குண்டு எழுத்தாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அது என் எழுத்து. அந்த வீட்டுக்கு நான் போனது நினைவுக்கு வந்தது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு அனுப்பியாச்சு என்றார்கள். கலவைச் சோறு ஒரு தட்டு கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, 'வெ' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் குழாயடியில் அவளைத் தனியாகப் பார்த்தேன். எதையும் கேட்கவில்லை. பழைய படிவத்தை மட்டும் காட்டினேன். அவள் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்த பிறகுதான் பேசினாள். "செத்ததைச் சேத்து எண்ணக்கூடாதாம். எண்ணுனா வரப்போறதுக்கு ஆகாதாம். எங்க மாமியா சாமி முன்னால என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. நான் வாயைத் தெறக்க மாட்டேன். எங்கம்மா யாருக்கும் சத்தியம் பண்ணல. பாடாலூர்ப் பக்கம்தான். போயிக் கேளுங்க" என்றாள். விலாசமும் சொன்னாள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து பாடாலூர், அதற்கப்புறம் காட்டு வழியில் நடை. அவளுடைய அம்மா வெங்காயம் சேர்த்துவைக்கும் ஒரு பட்டறை நிழலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மகள் ஊரிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. மகள் நன்றாக இருக்கிறாள் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் எழுந்து வந்தார். வேப்ப மரத்தடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பதாவது மாதம் கால் வீங்கியது. முகம் வீங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டார்கள். பிரசவத்தன்று ஜன்னி வந்து உடம்பு முறுக்கிக்கொண்டது. வாடகை வேனில் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிரஷர்தான் காரணம், கடைசி மாதத்தில் ஏறிவிட்டது, அடுத்த தடவையும் ஏறலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பெண் பிழைத்தாள். பிள்ளை ஒன்பது நாள் இருந்தான்.

"யாராச்சும் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"யாரு எழுதுவா? இங்க இருக்கிற நர்சம்மா, கட்டிக்கொடுத்த ஊருலதான் உம் மவளுக்குக் கணக்குன்னாங்க. நீங்க என்னடான்னா அவ ஊருலயே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஒம்பது நாளும் எம் பேரன் எந்த ஊருல இருந்தான்னு நீயே சொல்லு தாயி."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. பெரம்பலூரில் பிறந்து, என் சித்தி பெண்கள், பெரியப்பா பெண்கள் அத்தனை பேரையும் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்த வண்டியில் நானும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவள்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? சென்னையில் பிறந்து வளர்ந்த ஒருத்தி வந்திருந்தால், "ஏன் இத்தனை பெண்கள் ஏழாவது மாதத்தில் ஊரைக் காலி செய்கிறார்கள்?" என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. எனக்கு அது கேட்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "நான் என் மூத்தவனை அம்மா வூட்லதான் பெத்தேன். எனக்கே தோணலையே" என்றார். பிறகு இரண்டு பேரும் கட்டுகளைப் பிரித்து 'வெ' விழுந்த கர்ப்பிணிகள் அத்தனை பேரையும் தனியாக எடுத்தோம். முக்கால்வாசிப் பேருக்கு அது முதல் பிரசவம். உயிரோடு இருக்கும் பிள்ளையோடு திரும்பியவர்களை மறுபடி சேர்த்திருந்தோம். வெறும் கையோடு திரும்பியவர்களை அப்படியே விட்டுவிட்டோம். எங்கள் ஊரின் முதல் பிள்ளைகள் ஏன் அவ்வளவு பிரமாதமாக இருந்தார்கள் என்பது ஒருவழியாக விளங்கியது.

தை பிறக்க ஆறு வாரம் இருந்தது. அதற்குள் ஒவ்வொரு தாய்வீட்டையும் தேடிப் போவது என்று முடிவு செய்தேன். பேராசிரியருக்குச் சொல்லவில்லை. சொன்னால் சரியென்பாரோ இல்லையென்பாரோ, கேட்டுவிட்டு மீறுவதைவிடக் கேட்காமல் போவது மரியாதை என்று தோன்றியது. அக்காவும் நானும் மாற்றி மாற்றி பஸ் ஏறினோம். குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் என்று எந்தப் பக்கமும் பாக்கியில்லை. போன இடமெல்லாம் சம்பந்தி வீட்டு ஆள் வந்ததாக நினைத்து அடுப்பை மூட்டினார்கள். "மவ ஊருல இருந்து வந்துட்டு சாப்பிடாம போறதா?" என்று ஒரே பிடிவாதம். ஒரே நாளில் மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் மூச்சுத் திணறி உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் நல்ல சேதிதான். போட்டோ எடுத்து வந்து காட்டினார்கள், பிள்ளையின் குறும்புகளைச் சொன்னார்கள். சில வீடுகளில் இலையைப் போட்டுவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். அந்த வீடுகளை இன்றைக்கும் என்னால் வழி தவறாமல் காட்ட முடியும்.

யாரும் சொல்ல மறுக்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். புகுந்த வீட்டில் யாரும் வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றித் தாய்வீட்டில் பேச்சு நிற்கவே இல்லை. என்ன நிறம், எப்படி அழுதது, யார் சாயல் என்று எல்லாம் சொன்னார்கள். என் படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

ஜீப்பை மாற்றும் உத்தரவில் கையெழுத்துப் போடப்போகும் கூட்டத்துக்கு நான் அழைக்கப்படவில்லை. போனேன். புது அட்டவணையை விரித்து, பழையது தவறு, தவறு என்னுடையது என்று சொன்னேன். இப்போது எங்கள் ஊர் சுற்றுவட்டாரத்தில் கடைசியிலிருந்து எண்ணும்படி இருந்தது. குழுவில் ஒருவர், "இரண்டு மாதத்தில் ஓர் ஊர் தலைகீழாக மாறுமா? எதை நம்புவது?" என்றார். ஊர் மாறவில்லை, நான்தான் இரண்டாவது தடவை ஒழுங்காகப் போய்ப் பார்த்தேன் என்றேன். இன்னொருவர், இப்படி அலட்சியமாகக் கணக்கெடுத்தவரை ஆய்வில் வைத்திருக்க வேண்டுமா என்று பேராசிரியரைப் பார்த்துக் கேட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பேராசிரியர் ஓரத்துக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் படித்தார். தன் அனுமதி இல்லாமல் ஆறு வாரம் ஊர் சுற்றியதற்கு என்னை அங்கேயே, எல்லோர் முன்னாலும் காய்ச்சி எடுத்தார். என் பட்டப் பதிவை ஒரு வருடம் தள்ளிவைத்தார். பிறகு குழுவிடம், "ஜீப் அங்கேயே போகட்டும்" என்றார். வெளியே வந்ததும், தாய்வீட்டுக்குப் போகும் பெண்களை விடாமல் தொடர்வது எப்படி என்பதையே ஆய்வுத் தலைப்பாக வைத்துக்கொள் என்றார். ஆலைத் தூசி அறையைக் கடந்துதான் படியிறங்க வேண்டும். அன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஜீப் தையிலும் வந்தது, மாசியிலும் வந்தது. அந்தப் பெண் இந்தத் தடவை தாய்வீட்டுக்குப் போகவில்லை. ஜீப் வரும் ஊரில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஆச்சரியம், மாமியாரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவளுக்கு ஜன்னி வந்த விவரத்தை அவள் சம்மதத்தோடு டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் அவளை இரண்டு முறை பார்த்தார். மாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டாக்டரம்மா பிரஷர் கருவியைக் கழற்றாமல் மறுபடியும் காற்றடித்தார். உடனே டிரைவரைக் கூப்பிட்டார். மற்ற பெண்களை அக்காவிடம் விட்டுவிட்டு, அவளையும் மாமியாரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப் அரியலூர் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பியது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் விடாமல் ஹார்ன் அடித்தார். வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை.

ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், ஜன்னி வராமல் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் மூன்று மணிவாக்கில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, அழுகை நிறைய. தாய் நன்றாக இருக்கிறாள் என்று நர்சம்மா வெளியே வந்து சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆய்வு செய்கிறவள் இப்படி அழக்கூடாதுதான். அழுதேன்.

மாமியார் அழவில்லை. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையனையும் எழுதிட்டியாம்மா உன் நோட்டுல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பாடாலூர் போய் வந்தது அவருக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன் என்றேன்.

"எத்தனை நாளுன்னு போட்ட?"

"ஒம்பதுங்க."

"பத்து" என்றார். "பத்தாவது நாள் விடியறப்பதான் போனான். அவங்க எல்லாம் அசந்து தூங்கிட்டாங்க. நான்தான் மடியில வச்சிருந்தேன்."

முடிந்த நாட்களை மட்டும்தான் எண்ண வேண்டும் என்பது எங்கள் விதி. அதன்படி ஒன்பதுதான் சரி. ஒன்பதோ பத்தோ, என் அட்டவணையில் எதுவும் மாறப்போவதில்லை. நான் படிவத்தை எடுத்து, அவர் பார்க்கும்படி மடியில் வைத்து, ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன்.